முக்கால் சுற்று

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பேருந்துப் பணிமனையின் பின்மதிலை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெள்ளை டாக்ஸியின் ஆயில் ஃபில்டர் இருபத்திரண்டு நிமிடங்களில் மாற்றப்பட்டது. மாற்றியவள் மெக்கானிக்கின் மனைவி.

அதே மாடல் காரில் அதே வேலைக்கு மெக்கானிக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். வேலை தெரியாதவன் அல்ல, இருபத்து நான்கு வருடமாக அந்தத் தகரக் கூரையின் கீழ் நிற்கிறவன். பிரச்சினை காரில் இருந்தது. பழைய கார்களில் பானெட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றி இடம் இருக்கும், கீழே தரை தெரியும். கைதவறிய நட்டு நேராகத் தரையில் விழுந்து சத்தம் போடும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். டம்ளர் அளவுள்ள ஃபில்டர், கதவைத் திறந்ததும் நிற்கிற விருந்தாளி மாதிரி முன்பக்கமே இருக்கும். இந்த மாடலில் அதை இன்ஜினுக்குப் பின்னால், இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் பகுதியின் தகரச் சுவருக்கும் நடுவே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மேலே காற்றுக் குழாய்கள், கீழே சைலன்சருக்குப் போகிற குழாய். இடைவெளி நாலு விரல் அகலம். மெக்கானிக்கின் கை விரல் முட்டிவரை போய் அங்கேயே நின்றுவிடும்.

அவனுக்கு இரும்புக்கை என்று பெயர். பழைய லாரிகளில் துருப்பிடித்து இறுகிய நட்டை மற்றவர்கள் நெருப்பு வைத்துச் சூடாக்கிக் கழற்றுவார்கள். அவன் வெறும் ஸ்பேனரை மாட்டி, மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, கழற்றிக் கொடுப்பான். அந்தக் கைக்காகவே பணிமனை ஃபிட்டர்கள் மதிலைத் தாண்டி வந்து கூப்பிட்ட காலம் உண்டு. இப்போது அந்தக் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைக் காரை ஜாக்கியில் தூக்கி, வலது முன்சக்கரத்தைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மறைப்பின் பதினோரு கிளிப்புகளைப் பிடுங்கி (அதில் இரண்டு எப்போதும் உடையும்), ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளக் கம்பியை விட்டு, கம்பியின் நுனியில் இருக்கும் கப்பை ஃபில்டரின் அடியில் தொப்பி மாதிரி மாட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திருக வேண்டும். கழன்றதும் உள்ளிருக்கும் ஆயில் சூடான குழாயில் கொட்டிப் புகையும். மிச்சம் முகத்தில் சொட்டும்.

"இத வரைஞ்சவன ஒரு நாள், ஒரே ஒரு நாள், இங்க மல்லாக்கப் படுக்க வைக்கணும்" என்பான். "ஏசி ரூம்ல உக்காந்து பென்சில் புடிச்சா எல்லாம் வளைஞ்சு போகும். கை வளையுமா?"

அவன் மனைவி அப்போது ஒர்க்‌ஷாப்பில் போன் எடுப்பதும் உதிரிப்பாகம் வாங்கி வருவதுமாக இருந்தாள். அதற்கு முன் பதினோரு வருடம் மின்சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில், பெல்ட் வரிசையில் உட்கார்ந்து ஸ்பிரிங் மாட்டியவள். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு இங்கே வந்தாள். நவம்பரில் ஒருநாள் ஒரு போல்ட் இன்ஜின் இடுக்கில் விழுந்து எங்கோ தங்கிவிட்டது. காந்தக் கம்பி விட்டுப் பார்த்து, காரையே உலுக்கிப் பார்த்து அலுத்துப்போய் அவன் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது போல்ட் பானெட் ஓரத்தில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்தது முன்விளக்கு பல்பு. அந்த மாடலில் பல்பு மாற்றவே முன்பக்க பம்பரைக் கழற்றச் சொல்கிறது புத்தகம். அவள் விளக்கின் பின்னால் பக்கவாட்டில் கையை விட்டு, ரப்பர் மூடியை உரித்து, பல்பை மாற்றிவிட்டாள்.

"எப்படிப் பண்ணின?"

"கண்ண மூடிக்கிட்டுப் பண்ணினேன். கண்ணத் தொறந்தா கை குழம்புது."

டிசம்பரில் ஃபில்டரைத் தொட்டாள். மேலிருந்து, குழாய்களுக்கு நடுவே, உள்ளங்கையைக் குவித்துப் படகு மாதிரி ஆக்கிக்கொண்டு, முழங்கைவரை விட்டாள். சக்கரத்தைக் கழற்றவில்லை, ஒரு கிளிப்பும் உடையவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையைக் கூடவே கொண்டுபோய் ஃபில்டரைப் பைக்குள்ளேயே கழற்றியதால் ஆயிலும் சொட்டவில்லை. மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்தான். "பரவால்லயே" என்றான். அன்று அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

சந்தோஷம் எத்தனை நாள் இருந்தது என்று சொல்வது கடினம். ஜனவரியில் போன் அடித்து அவன் எடுத்தால், "அண்ணே, அக்கா இருக்காங்களா?" என்றார்கள். ஒர்க்‌ஷாப் சுவரில் கையுறைப் பெட்டிகள் இரண்டு தொங்கின, அவனுக்குப் பெரிய சைஸ், அவளுக்குச் சின்ன சைஸ். பிப்ரவரியில் சின்ன சைஸ் பெட்டி இரண்டாவது முறை தீர்ந்தது. பெரிய சைஸ் பாதிதான் ஆகியிருந்தது. அவன் அதைக் கவனித்தான். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. தேவையில்லாத நேரத்திலும் கையுறை மாட்டிக் கழற்றிப் போட ஆரம்பித்தான்.

வீடு ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே இருந்தது. ஒரு கூடம், ஒரு அறை, தகரப் படி. அவனுடைய அக்காவும் அவர்களோடு இருந்தாள். சோறு வடிப்பதும், படியில் உட்கார்ந்து கீழே நடப்பதற்கெல்லாம் கருத்துச் சொல்வதும் அவள் வேலை.

"அவ கைக்கு அந்த இடம் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடா" என்றாள் ஒருநாள், தட்டில் முட்டையை வைத்துக்கொண்டே.

அது அவனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. எங்கோ ஒரு ஊரில், எவனோ ஒருவன், தன் மனைவியின் கையை அளவெடுத்துக்கொண்டு போய் இந்தக் காரை வரைந்திருக்கிறான் என்று தோன்றியது. முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அந்த முகம் தெரியாதவன் மேல் அவனுக்கு இருந்த கோபத்தின் நிறம் மாறிவிட்டது. முன்பு அவன் தன் கையை மதிக்காதவன். இப்போது அவள் கையைத் தெரிந்து வைத்திருப்பவன்.

"என்னடா, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"இவனுக்கு வயித்தெரிச்சல்" என்றாள் அக்கா, தம்பி மனைவியிடம். "சின்ன வயசுல நான் இவன விட வேகமா சைக்கிள் ஓட்டுறேன்னு ராத்திரியோட ராத்திரியா காத்தப் புடுங்கி விட்டவன் இவன். காலைல ஒண்ணும் தெரியாத மாதிரி 'அக்கா, பஞ்சரா?'ன்னு கேட்டான் பாரு."

"அண்ணி, சும்மா இருங்க. அவரு அப்படியெல்லாம் இல்ல" என்றாள் அவள். அவள் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

மார்ச் பதினொன்று அன்று வந்த டாக்ஸிக்காரனைக் கூலிங்கிளாஸ் என்று கூப்பிடுவார்கள். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். வேலை முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அண்ணே, இருபத்திரண்டு நிமிஷம்! நீங்க செஞ்சா நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டே வரலாம். இனி உங்களுக்கு ரெஸ்ட்டுண்ணே. கல்லாவுல உக்காந்து காத்து வாங்குங்க."

"போடா."

"நெசமாத்தாண்ணே. அக்கா கை கையில்ல, எலி. எங்க வேணாலும் பூந்து வந்துருது."

அவள் சிரித்துக்கொண்டே கைகழுவப் போனாள். கூலிங்கிளாஸ் முடிவெட்டிக்கொள்ள நடந்து போனான், பதினொன்றரைக்கு வந்து காரை எடுப்பதாகச் சொல்லிவிட்டு. மேலே அவள் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டது. தகரக் கூரை சூடாகி முறுக்கிக்கொள்ளும் சத்தமும் கேட்டது. மெக்கானிக் தனியாக நின்றான்.

நான்கு மாதமாக ஒரு வார்த்தையை அவன் கேட்கவில்லை. முன்பெல்லாம் மேலே கேஸ் சிலிண்டர் மூடி திறக்காவிட்டால், ஊறுகாய் பாட்டில் இறுகிவிட்டால், படியில் அவள் தலை தெரியும். "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்பாள். அவன் போய்த் திறந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி வருவான். இப்போது மூடி இறுகினால் கீழே வந்து அவளே ரப்பர் பட்டையைப் போட்டுத் திறந்துகொள்கிறாள்.

ஃபில்டரை இறுக்க ஒரு கணக்கு உண்டு. அதன் உடம்பிலேயே படம் போட்டிருக்கும். ரப்பர் வளையம் இன்ஜினைத் தொட்டதும், அதற்கு மேல் முக்கால் சுற்று. கையால் மட்டும். கருவி போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கி, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை வராது. இது மெக்கானிக்குக்குத் தெரியும்.

அவன் காரை ஜாக்கியில் தூக்கினான். சக்கரம் கழன்றது, பதினோரு கிளிப்பும் கழன்றன. அவசரத்தில் மூன்று உடைந்தன. கப்பை மாட்டி, கம்பியைப் பிடித்து, மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுத் திருகினான். அடுத்த சர்வீசில் அவள் கை வழுக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

"கீழ என்ன சத்தம்?" என்றாள் அக்கா படியிலிருந்து.

"லீக் இருக்கான்னு பாக்குறேன்."

ஜூன் பதினேழாம் தேதி, அதுவும் செவ்வாய்க்கிழமை, விடியற்காலையிலிருந்து மழை. தகரத்தில் மழை விழும்போது ஒர்க்‌ஷாப்பில் கத்தித்தான் பேச வேண்டும். கூலிங்கிளாஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கினான்.

"அக்கா, சீக்கிரம். மூணு மணிக்கு டயாலிசிஸ் பாட்டி. ரெண்டு வருஷமா ஒரு தடவகூட நான் லேட் பண்ணினதில்ல."

"மூணு மணிக்கா? பத்தரைக்கு நீ ரோட்ல இருப்ப, போ."

அவள் பழைய ஆயிலை வடிய விட்டாள். பிளாஸ்டிக் பையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. கையை வெளியே எடுத்து, துடைத்து, வேறு கையுறை போட்டு, மறுபடி விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு எழும்பியது.

மெக்கானிக் இன்னொரு காரின் அடியில் படுத்திருந்தான். படுத்தபடியே காத்திருந்தான்.

"ஏங்க," என்றாள் அவள், மழைக்கு மேலே. "கொஞ்சம் வாங்க."

அவன் உடனே எழுந்துவிடவில்லை. ஒரு நட்டை மெதுவாக இறுக்கி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தான். "என்ன, வரலையா? நகரு, பாப்போம்." ஏழு மாதத்தில் அவன் குரல் அப்படி இருந்ததில்லை.

கீழே படுத்து, கம்பியை விட்டு, கப்பை மாட்டி, மூச்சை இழுத்துத் திருகினான். 'கிறீச்' என்று ஒரு சத்தம். கப்பு மட்டும் சுற்றியது. ஃபில்டரின் அடியில் கப்பு பிடித்துக்கொள்வதற்காக மடிப்பு மடிப்பாக ஓரம் இருக்கும். அந்த மடிப்புகள் மார்ச்சிலேயே பாதி வழித்துக்கொண்டு போயிருந்தன. மிச்சம் இப்போது போயிற்று. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. தகரம் வழவழவென்று ஆகிவிட்டது. அவன் கைக்கு மேலிருந்து இடம் இல்லை. அவள் கைக்கு இடம் இருந்தது, பலம் இல்லை. ஆயில் முழுக்க வடிந்த கார், ஓட்ட முடியாது.

பன்னிரண்டு மணிக்கு கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"அக்கா, போன தடவ நீங்கதான மாட்டினீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படிக்கா? இவ்ளோ இறுக்கினா யாருக்கா கழட்டுறது? ஒரு நெதானம் வேணாமா?"

கூலிங்கிளாஸ் கதவோரம் போய் நின்று, ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டான். மழைக்காகக் கத்தியதில் எல்லாருக்கும் கேட்டது. "டேய், பாட்டிய யாராவது கூட்டிட்டுப் போங்கடா, மூணு மணிக்கு. என் வண்டி படுத்துருச்சு. அக்கா மாட்டின ஃபில்டர் கழட்ட முடியல. ஆமாடா, அக்காதான். சீக்கிரம் முடிக்கிறேன்னு காட்டுறதுக்கு என்னத்தையோ பண்ணி வச்சிருக்காங்க."

மெக்கானிக் காரின் அடியில் கிடந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஒரு குளிர்ச்சி. வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்த மாதிரி. இரண்டு நிமிடம் இருந்திருக்கும் அது. பிறகு அவள் செருப்புக் கால்களைப் பார்த்தான். அவை நகராமல் ஒரே இடத்தில் நின்றன.

அவள் பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து உள்ளே விட்டாள். சுவிட்ச் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் இருந்தது. திருகை முடுக்கியதும், திருகின் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை பெயின்ட்டால் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். திருகு பின்னால் அசைந்திருந்தால் கோடு முறிந்திருக்கும். அவள் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு ஃபில்டரையும் முக்கால் சுற்று முடுக்கியதும், ஃபில்டருக்கும் இன்ஜினுக்குமாகச் சேர்த்து ஒரு கோடு போடுவாள், ரோஸ் நிற நெயில் பாலிஷில். அந்த இடத்தை அவளைத் தவிர யாராலும் பார்க்க முடியாது என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணாடியில் இன்ஜின் பக்கத்துக் கோடு இருந்த இடத்தில் இருந்தது. ஃபில்டர் பக்கத்துக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

"ஆக்சிலக் கழட்டுங்க" என்றாள். "கழட்டினா கீழேர்ந்து உங்க கை போகும். செயின் ரென்ச்சோட சங்கிலியச் சுத்திப் புடிச்சுத் திருகலாம்."

"அது மூணு மணி நேர வேலை."

"ஆகட்டும்."

ஆக்சில் கழலும்போது கியர் ஆயிலும் கொஞ்சம் கொட்டியது. சூடு தடுக்கும் தகரம், ஒரு தாங்கி, இரண்டு குழாய் எல்லாம் கழன்றன. கூலிங்கிளாஸ் மழையிலேயே வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா படியில் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. அவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அன்று கருத்து எதுவும் சொல்லவில்லை, மேலே போய்விட்டாள்.

நாலு மணிக்கு மெக்கானிக்கின் கை கீழிருந்து ஃபில்டரைத் தொட்டது. ஆனால் சங்கிலியை அதன் பின்னால் சுற்றிக் கொண்டுவர அவன் விரலால் முடியவில்லை. அவள் மேலிருந்து கையை விட்டாள். சங்கிலியின் நுனியைப் பிடித்து, பின்பக்கமாக வளைத்துக்கொண்டு வந்து, அவன் விரல்களில் கொடுத்தாள். நடுவில் இன்ஜின் இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"எவ்ளோ சுத்தினீங்க?"

"என்ன?"

"மார்ச்ல. நான் மாட்டினதுக்கு மேல எவ்ளோ சுத்தினீங்க?"

மழை பெய்துகொண்டிருந்தது. அவன் சங்கிலியைப் பிடித்தபடி கிடந்தான்.

"அரை இருக்கும்."

"முக்கால். கோடு போட்டு வச்சிருந்தேன்."

அவன் சங்கிலியின் நுனியை ரென்ச்சில் மாட்டினான்.

"எதுக்குங்க?"

"நீ கூப்பிடணும்னு."

மேலே கை அசையாமல் இருந்தது. பிறகு அவள் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை.

"கூப்பிட்டேன். வந்தீங்க. இப்பக் கழட்டுங்க."

அவன் மூச்சை இழுத்து விட்டுத் திருகினான். ஃபில்டர் தகரம் நசுங்கி, கிழிந்து, கடைசியில் ரப்பரோடு பிய்ந்துகொண்டு வந்தது. முகத்தில் ஆயில் கொட்டியது. அவன் துடைக்கவில்லை.

புது ஃபில்டரை அவள்தான் போட்டாள். கோடு போட்டாள். கையைக் கழுவிவிட்டு, சுவரிலிருந்து சின்ன சைஸ் கையுறைப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்றாள்.

"உங்களப் பத்தி என் வாயால யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா குரூப்ல நாப்பது பேரு கேட்டிருக்காங்க, என்னைப் பத்தி. அது அப்படியே கெடந்தா நான் கீழ எறங்க மாட்டேன்."

புதன்கிழமை அவள் இறங்கவில்லை. வெள்ளை டாக்ஸி ஒன்று வந்தது.

"அக்கா இல்லையா? பரவால்லண்ணே, நீங்களே பண்ணுங்க. பழைய கைதான் நம்பிக்கை" என்றான் ஓட்டுநர்.

அவன் விரும்பிய வார்த்தைதான் அது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று, இரண்டு கிளிப் உடைந்தன. வியாழக்கிழமை காலை இன்னொன்று வந்தது. அந்த ஓட்டுநரும் கிட்டத்தட்ட அதையே சொன்னான். கூடவே, "நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு ஆடினானுங்க" என்று சிரித்தான். மெக்கானிக் மல்லாந்து படுத்திருந்தபோது, மேலே குழாய்களின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. படகு மாதிரி குவித்த ஒரு கை நுழையும் அளவு.

மதியம் அக்கா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் மனைவி அறைக்குள் இருந்தாள்.

"அன்னைக்கு சைக்கிள் காத்தப் புடுங்கினது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றாள் அக்கா. "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். முப்பது வருஷமாச்சு."

"அக்கா."

"நான் சும்மாதான் சொன்னேன். சாப்பிடு."

அவன் சாப்பிடாமல் கையைக் கழுவினான். கீழே போய், கதவோரம் நின்று, போனை எடுத்து அதே குரூப்பைத் திறந்தான். மழை விட்டிருந்ததால் கத்த வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மேலே கூடம்வரை கேட்டது.

"நான் இரும்புக்கை பேசுறேன். செவ்வாக்கிழம கூலிங்கிளாஸ் வண்டில ஃபில்டர் சிக்கிச்சுல்ல, அது என் வேலை. அவ சரியாத்தான் மாட்டினா. மார்ச்சுல அவ சாப்பிடப் போனப்ப நான் கீழேர்ந்து கப்பு போட்டு முக்கால் சுத்து இறுக்கி வச்சேன். வேணும்னுதான். அவ கைக்கு வரக்கூடாதுன்னு. அவ்ளோதான்."

செய்தி முப்பத்தோரு விநாடி இருந்தது. முதல் பதில் கூலிங்கிளாஸிடமிருந்து வந்தது. "அண்ணே, என்னண்ணே இது!" பிறகு, "அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. இல்ல, நானே வர்றேன்." இன்னொருவன் சிரிப்புப் படங்களாகப் போட்டான். வேறொருவன், "என் வண்டியும் ஏப்ரல்ல அங்கதான் விட்டேன், அதையும் இறுக்கினீங்களா?" என்று கேட்டான். மெக்கானிக் "இல்லை" என்று எழுதினான். கேட்டவன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சின்ன சைஸ் கையுறைப் பெட்டி சுவரில் அதன் ஆணியில் இருந்தது.

அடுத்த வாரம் அந்த மாடல் டாக்ஸிகள் மூன்று ஃபில்டர் மாற்ற வந்தன. மூன்றையும் அவள் மாற்றினாள், எதற்கும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மூன்று ஓட்டுநர்களும் வேலை முடிந்து வண்டி வெளியே போகும்வரை வண்டியை விட்டு நகரவில்லை.